யாரும் தொடாத புகைக்குழாய்

இடி வாங்கிய அந்தப் பழைய காரின் பின்பக்கத்தை ஒருவழியாக நிமிர்த்தியாகிவிட்டது. ஆனால் இரட்டைப் புகைக்குழாய், பம்பரில் அதற்காக விட்டிருந்த வெட்டுக்குள் ஒரு விரல் அகலம் இடப்பக்கம் ஒதுங்கி நின்றது. குழாயை மாட்டியவர் மெக்கானிக். பம்பரை மாட்டியவன் அவருடைய மச்சான்.

“உங்க குழாய்தான் கோணல், மாமா.”

“போடா, உன் பம்பர்தான் கோணல்!”

காலை முழுக்க இதே மல்லுக்கட்டு. வாயால் விட்டுக்கொடுக்காத மெக்கானிக், மச்சான் சாப்பிடப் போனதும் காருக்கு அடியில் நுழைந்தார். கிளாம்பைத் தளர்த்தி, குழாயை ஒரு விரல் வலப்பக்கம் தள்ளி முடுக்கினார். பின்னால் போய் நின்று பார்க்கவில்லை. பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே! ஒன்றுமே நடக்காததுபோல் அவரும் சாப்பிடக் கிளம்பினார்.

காலையில் ஒருமுறை பார்த்துவிட்டுப் போயிருந்த காரின் சொந்தக்காரம்மா, மாலையில் மறுபடி வந்தார். பின்பக்கம் போய் இடுப்பில் கைவைத்து நின்றார்.

“காலையில இடப்பக்கம் ஒட்டிக்கிட்டிருந்துச்சு. இப்ப வலப்பக்கம் ஒட்டிக்கிட்டிருக்கு?”

“நான் தொடவே இல்லைங்க!” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

மெக்கானிக்கின் முதுகெல்லாம் தரையின் கிரீஸ். மச்சானின் தலையெல்லாம் டிக்கி விரிப்பின் பஞ்சு. பம்பரை நகர்த்த வேண்டுமானால் தளர்த்த வேண்டிய போல்ட்டுகள் டிக்கிக்குள்தான் இருந்தன.

அந்தம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சரி, இந்தத் தடவை யாராவது ஒருத்தர் மட்டும் தொடாம இருங்க.”