எழுபது லிட்டர் தண்ணீர்

...இரும்புச் சக்கரம்தான், அதில் சந்தேகமே வேண்டாம், அலாய் சக்கரம் பளபளவென்று இருக்கும், கல்லில் அடிபட்டு ஒரு விரிசல் விட்டால் அத்தோடு கதை முடிந்தது, இரும்பு கோணினால் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம், இதைச் சொன்னது யார், டார்சிதான், இருபது வருஷம் ஆஸ்திரேலியப் பாலைவனத்து ஊட்னடாட்டா மண் தடத்தில் தபால் லாரி ஓட்டிய மனுஷன், இப்போது சட்டைப் பொத்தான் போடவே அரை மணி நேரம்... நோரீன் குனிந்து வண்டியின் அடிவயிற்றைப் பார்த்தாள், துரு இல்லை, செம்மண்தான் அப்பியிருந்தது. பக்கவாதம் வந்து பதினாலு மாதமாகிறது, புருஷன் கேட்டது இந்த ஒன்றைத்தான், அந்தத் தடத்தை இன்னொரு தடவை பாத்துடணும், நீ ஓட்டு, நான் பேசாம உக்காந்து வரேன். பேசாமல் உட்காருவானாம், டார்சியா, முதல் கேட் தாண்டுவதற்குள் கியரை மாத்து, டயர்ல காத்தை இறக்கு என்று ஆரம்பித்துவிடுவான். போர்ட் அகஸ்டாவில் பழைய வண்டி விற்கும் ஸ்டான் இரண்டை ஒதுக்கி வைத்திருந்தான். வெள்ளை வண்டி தாழ்வானது, மெத்தென்ற இருக்கை, கிழவர்கள்கூடச் சுலபமாக ஏறலாம், ஆனால் ஆற்றுப் படுகைக் கல்லில் வயிறு தட்டும். பச்சை வண்டி உயரம், பழைய டீசல், கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்க வேண்டும், கெட்டுப்போக அதில் என்ன இருக்கிறது? கைப்பிடியைப் பற்றி, தம் கட்டி ஏறிப் பார்த்தாள். மேலே உட்கார்ந்ததும் ரொம்ப நாளைக்குப் பிறகு முதுகு தானாக நிமிர்ந்தது, ஏன் என்று யோசிக்கவில்லை.

பின்னால் எவ்வளவு பாரம் ஏற்றப் போகிறாய் என்று கேட்டான் ஸ்டான். ஸ்பிரிங் மாற்ற வேண்டுமா என்று பார்க்க. உபரி டயர் இரண்டு, டீசல் கேன் மூன்று, காற்றடிக்கும் பம்பு, மண்வாரி, வாரக் கணக்கில் சாப்பாடு... விரல் மடக்கி மடக்கிச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

“தண்ணி?”

“எழுபது லிட்டர். ஏழு நாளைக்கு.”

ஸ்டான் நிமிர்ந்து பார்த்தான். “அப்ப நீ மட்டும்தான் போறியா, நோரீன்?”

தலைக்கு ஒரு நாளைக்குப் பத்து லிட்டர், இந்தப் பக்கத்தில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு, அவள் நாற்பது வருஷமாக இரண்டு தலைக்கே நிரப்பியவள், வாய் தவறி ஒரு பாதியை விட்டுவிடுவாளா... நூற்று நாற்பது என்று திருத்த எவ்வளவு நேரம் ஆகும், ஒரு மூச்சு, வெள்ளை வண்டி அங்கேயேதான் நிற்கிறது, கதவைத் திறந்து டார்சியை உட்கார வைத்தால் போதும். திருத்தத்தான் வாயைத் திறந்தாள்.

“பச்சையே இருக்கட்டும்,” என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது, டார்சியின் கால் அந்த உயரத்துக்கு ஏறாது என்பது காலையிலிருந்தே அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.