கடல் நத்தையும் காட்டு முயலும்

பெற்றதை விட்டுவிட்டுப் போவதில் கடல் நத்தைக்கும் முயலுக்கும் மேலுக்கு வித்தியாசமே தெரியாது என்று மெர்சி டீச்சர் வகுப்பில் சொல்வாள். ஓடில்லாத அந்தக் கடல் நத்தை, பாசியின்மேல் இடியாப்பம் பிழிந்த மாதிரி முட்டைகளைச் சுற்றி வைத்துவிட்டு நகர்ந்துவிடும், திரும்பிப் பார்க்காது. காட்டு முயலும் குட்டியைப் புல்லுக்குள் விட்டுவிட்டு, பகலெல்லாம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. கூடவே இருந்தால் நரிக்கு வழி காட்டியதாகிவிடுமே. ஆனால் பொழுது சாய்ந்ததும் வந்து பால் கொடுக்கும்.

இதெல்லாம் சொந்தக்காரர்களுக்கு எங்கே புரியப்போகிறது? கணவன் மனோஜ்குமார் விபத்தில் போன பிறகு, மெர்சி கோயமுத்தூரில் பள்ளிக்கூடம், டியூஷன் என்று ஓடினாள். இருட்டுவதற்குள் வந்து மகள் ரித்திகாவுக்குச் சோறு போட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் நாத்தனார் புவனா வந்த அன்று, பிள்ளை பூட்டிய வீட்டுக்குள் தனியாக இருந்தது. கேட்பாரில்லாத பிள்ளை என்று முடிவு கட்டி, லீவுக்கென்று காங்கேயத்துக்குக் கூட்டிப் போனவள், அங்கேயே பள்ளிக்கூடத்திலும் சேர்த்துவிட்டாள். புவனா கெட்டவள் இல்லை. மெர்சிக்கு வயிற்றெரிச்சலே அதுதான். சண்டை போடக்கூட வழியில்லை.

"புள்ளையே வாரேன்னு சொன்னா, தாராளமாக் கூட்டிட்டுப் போ அம்மணி" என்று புவனா போனில் சொல்லியிருந்தாள். மகள் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தையை வாங்கத்தான் மெர்சி காங்கேயத்துக்குப் பஸ் ஏறினாள்.

ரித்திகா அட்டைப்பெட்டியோடு எதிரே வந்தாள். உள்ளே முயல்குட்டி. மாடு மேய்கிற காட்டில், கிளுவை முள்வேலியோரம் தனியாகக் கிடந்ததாம். தாயில்லாத குட்டி என்று அத்தைதான் போன வாரம் எடுத்து வந்தாளாம். மெர்சி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். இதற்குத் தாய் உண்டு, பொழுதோடு வரும், எடுத்த இடத்திலேயே விடலாம் என்றாள். இத்தனை நாள் கழித்து எந்த முயலும் வராது என்று அவளுக்குத் தெரியும். மகள் தன்னை நம்பவேண்டும் என்ற ஆசையில் தெரிந்தே சொன்னாள்.

குட்டியை வேலியோரம் விட்டு, இருவரும் தள்ளி நின்று பார்த்தார்கள். வெயில் இறங்கியது. மாடுகளைப் பட்டிக்கு ஓட்டிப் போனார்கள். எதுவும் வரவில்லை.

ரித்திகா போய்க் குட்டியை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இதை விட்டால் மெர்சிக்குக் கேட்க வேறு நேரம் இல்லை.

"எங்கூட வாரியா, கண்ணு?"

"இதுக்கு ஆரும் வரலீங்கம்மா. நானும் உங்ககூட வந்துட்டா, இது தனியாக் கெடக்குமுங்க."

குட்டியின் தலை அவள் கையில் துவண்டு கிடந்தது. விடியும்வரை தாங்காது. மெர்சிக்கு அது பார்த்ததுமே தெரிந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மட்டும் சொன்னாள்.