குளிர் வராத வருஷத்துப் புடலங்காய்

அந்த வருஷம் புனே பக்கத்து நிக்டிக்கு வரவேண்டிய குளிர் எங்கேயோ வழி தவறிவிட்டது. ஜனவரி பிறந்தும் ஸ்வெட்டர்கள் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. இட்லி மாவுக்குப் போர்வை சுற்றிக் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. அதுவே பொங்கி அடுப்பு மேடையெல்லாம் வழிந்தது. அதைவிடப் பெரிய அதிசயம், டிசம்பரிலேயே சுருண்டு சாகும் சியாமளாவின் புடலங்கொடி மாடிக் கம்பியில் ஜம்மென்று படர்ந்து நின்றது. அதில் ஒரு காய் தொங்கியது பாருங்கள், அடேயப்பா! வளையாமலிருக்க நுனியில் கட்டிய கல்லோடு இறங்கி இறங்கி, கீழ்வீட்டு ஜோஷி வஹினியின் (மராத்தியில் வஹினி என்றால் அண்ணி) ஜன்னலையே எட்டிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலனியில் தோட்டக் கண்காட்சி. வருஷா வருஷம் பரிசு வஹினியின் சாமந்திக்குத்தான். இந்த முறை குளிரில்லாமல் அந்தச் சாமந்தி மொட்டோடு முரண்டு பிடித்தது. சியாமளாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஏங்க, இந்தத் தடவை நமக்குத்தாங்க!"

"நல்லா தளதளன்னு இருக்கு. கூட்டு வச்சா என்ன?" என்றார் கணவர் ரங்கராஜன்.

"அதுல கை வச்சீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்!"

அவர் கையையாவது தடுக்கலாம். வஹினியின் கையை? அந்த ஜன்னலுக்குள் காய் நறுக்கும் கத்தி பளபளக்கும்போதெல்லாம் சியாமளா மாடிக் கம்பி வழியே எட்டி எட்டிப் பார்த்தாள்.

சனிக்கிழமை மாலை ரேடியோக்காரன், இன்றிரவு குளிரும் என்று சொல்லித் தொலைத்தான். சியாமளா கணவரின் ஸ்வெட்டரை எடுத்துக் காயின் மேல்பாதியில் சுற்றினாள். கீழ்ப்பாதிக்குக் கை எட்டவில்லை. வஹினியிடம் போய்க் கேட்க ரோஷம் விடவில்லை.

விடிந்ததும் எட்டிப் பார்த்தாள். கல்லைக் காணோம். நுனியையும் காணோம்!

"பாவி, அறுத்துட்டாளே!" செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினாள்.

ஜன்னலருகே ஸ்டூலில் ஏறி நின்ற வஹினி, உள்ளே இழுத்து வைத்திருந்த காயிலிருந்து தன் கம்பளிச் சால்வையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சால்வைக்குள் கல்லும் நுனியும் பத்திரமாக இருந்தன.

"அரே, என்ன பொம்பள நீ? மேல மட்டும் போர்த்தி விட்டிருக்க. கீழ குளிராதா?" என்று இந்தியில் சத்தம் போட்டாள். "என் பூதான் இந்த வருஷம் கவுத்துடுச்சு. நம்ம பில்டிங்குக்காவது பரிசு வரட்டும்!"

சியாமளாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

பரிசு வந்தது! ஆளுக்கொரு முனையாகக் காயைத் தூக்கிக்கொண்டு இருவரும் திரும்பியபோது காலனியே கைதட்டியது. வாசலில் வஹினி நின்றாள்.

"கீழ்ப்பாதி என் ஜன்னல்ல வளந்தது. அது எனக்குத்தானே?"

சியாமளா சிரித்துவிட்டாள்.

"உங்க கத்திய எடுத்துட்டு வாங்க வஹினி. நீங்களே வெட்டுங்க."