ராதிசாவின் பங்கு

திஹோமிர் சிகரெட்டை விட்டுவிட்டான் என்று ஊரே நம்பியது. ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாட்களில் அவனும் நம்பினான். அண்ணன் ராதிசாவ் நுரையீரல் புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவன் கையைப் பிடித்து, "நீயாவது விட்டுத் தொலைடா" என்று கேட்டிருந்தான். திஹோமிர் அழுதுகொண்டே சத்தியம் செய்தான். அடக்கம் முடிந்த கையோடு புதினா வாசனை அடிக்கும் இ-சிகரெட் ஒன்றை வாங்கினான். "வீட்டுக்குள்ள ரயில் இன்ஜின் வந்துடுச்சு" என்று மனைவி ஸ்லாவ்கா கேலி செய்தாலும், திரைச்சீலையை விட்டுப் புகை நாற்றம் போனதில் அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

தொல்லை கல்லறையில் வந்தது. அந்த ஊரில் யாரும் அங்கே வெறுங்கையோடு போவதில்லை, செத்தவருக்குப் பிடித்ததை எடுத்துப்போய்ப் படைப்பார்கள். காபிப் பிரியருக்குக் காபி, சாராயப் பிரியருக்கு மண்ணில் ஒரு வாய் பிளம் சாராயம், ராதிசாவுக்குச் சிகரெட். பற்றவைக்கும் அந்த ஓர் இழுப்பு மட்டும் உயிரோடிருப்பவனுக்கு. பிறகு கல்லின் விளிம்பில் வைத்துவிட வேண்டும், மிச்சம் செத்தவர் பங்கு.

முதல் ஞாயிறு திஹோமிர் ஓர் இழுப்போடு நிறுத்தினான். அடுத்த முறை, அணைந்துவிடும் போலிருக்கிறதே என்று இன்னொன்று இழுத்தான். அதற்கப்புறம் சாக்குகூடத் தேவைப்படவில்லை. பஞ்சு வரை இழுத்து, துண்டைக் கல்லில் வைத்து, இது அண்ணன் கணக்கு என்று சொல்லிக்கொண்டு கிளம்புவான். வீட்டில் வாய் கொப்பளிக்கும்போது வெட்கம் பிடுங்கித் தின்னும். யாரிடம் சத்தியம் செய்தானோ, அவனுடைய பங்கையே திருடிப் பிடிக்கிறான். ஆனாலும் சனிக்கிழமை மாலையே நாக்கு ஊறத் தொடங்கிவிடும்.

இலையுதிர்காலத்தில், இறந்தவர்களை நினைக்கும் நாளன்று, அண்ணி பெர்சிதாவோடு போக வேண்டியிருந்தது. அவள் மெழுகுவர்த்தி ஏற்றி, அவித்த கோதுமையைப் படைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்க அண்ணி."

"கடைசி வாரம் ஆஸ்பத்திரியில உங்கண்ணன் ஒரே ஒரு சிகரெட் கேட்டாரு. நான் குடுக்கல. தலகாணிக்கு அடியில வெச்சிருந்த பெட்டியயும் புடுங்கி ஜன்னல் வழியா வீசிட்டேன். மூஞ்சத் திருப்பிக்கிட்டுப் படுத்தவரு, அப்புறம் எங்கூடப் பேசவே இல்ல."

கல்லின் விளிம்பில் கிடந்த துண்டுகளைக் காட்டினாள். "பக்கத்துக் கல்லுங்கள்ல மத்தவங்களோடத பாரு. பாதியில அணைஞ்சிருக்கு, இல்லன்னா சாம்பல் அப்படியே நீளமா கிடக்கு. இவரு மட்டும் பஞ்சு வரைக்கும் முடிச்சிருக்காரு. நீ வெச்சிட்டுப் போனப்புறம் நான் வாராவாரம் வந்து பாக்குறேன். எம்மேல இருந்த கோவம் போயிடுச்சு தம்பி. இப்பத்தான் எனக்குத் தூக்கமே வருது."

அது நான்தான் என்ற வார்த்தை திஹோமிரின் நாக்கு நுனி வரை வந்தது.

"அண்ணி..."

"இன்னிக்கு என் கண்ணு முன்னால ஒண்ணு வைப்பா. நான் பாக்கணும்."

பற்றவைத்து ஓர் இழுப்போடு வைத்தான். இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஈரக் காற்றில் அது பாதி எரிந்து அணைந்துபோனது.

"நான் நிக்கிறேன்ல, அதான்," என்றாள் பெர்சிதா மெல்ல. அவள் முகம் சுருங்கிவிட்டது. "எம்மேல இன்னும் கோவம் இருக்கு."

"காத்துல அணைஞ்சிருக்கும் அண்ணி. நீங்க போயி பூவுக்குத் தண்ணி பிடிச்சிட்டு வாங்க. நான் மறுபடி பத்தவைக்கிறேன்."

அவள் குழாய்ப் பக்கம் போனதும் பற்றவைத்தான். கல்லில் செதுக்கியிருந்த அண்ணன் முகத்தைப் பார்க்காமல் அவசர அவசரமாகப் பஞ்சு வரை இழுத்தான். ஆசையில்லாமல் அவன் பிடித்த முதல் சிகரெட் அதுதான். குமட்டியது.

திரும்பி வந்த பெர்சிதா துண்டைப் பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டு, கல்லைத் தடவித் தடவி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து ஒரு புதுப் பெட்டியை எடுத்துப் பிரித்தாள்.

"உனக்குத்தான் சிரமம். கஷ்டப்பட்டு விட்டவன். அந்த ஓர் இழுப்பால ஒண்ணும் ஆயிடாதே?"

"ஆகாது அண்ணி."

"அப்ப இன்னொண்ணும் வைப்பா. ஒண்ணோட அவருக்கு என்னிக்குப் போதும்னு இருந்துச்சு?"

சிகரெட்டை அவன் கையில் கொடுத்துவிட்டு, புருஷன் நிம்மதியாகப் பிடிக்கட்டும் என்று தள்ளிப் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். திஹோமிர் பற்றவைத்து இழுக்கத் தொடங்கினான்.