வலி வரட்டும்

தம்பிக்கு வலியே இல்லை என்று அம்மா போனில் சந்தோஷமாகச் சொன்னபோது "நல்லாக் கேட்டுப் பாத்தியாம்மா?" என்றேன்.

நாற்பதுகூட ஆகாத வயதில் அவனுக்கு மறதி நோய். புது மருந்துச் சோதனை ஒன்றில் சேர்த்திருந்தோம். நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தை முதுகுத்தண்டில் ஊசி வழியாக ஏற்றுவார்கள். பாதிப் பேருக்குத்தான் மருந்து. மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று ஊசி போடும் டாக்டருக்கே தெரியாது.

எனக்குத் தெரிந்துவிடும், அதுதான் என் தலையெழுத்து. என் பிழைப்பே அந்தக் காரணிதான். ஆய்வுக்கூடத்தில் தட்டில் வளரும் எலி நரம்பணுக்கள் மேல் ஒரு சொட்டு விட்டால் போதும், இரண்டு அணுக்கள் பேசிக்கொள்ளும் இடுக்கில் தூங்கிக்கிடக்கும் புரதங்கள் விழித்துக்கொண்டு செய்தியைக் கடத்தத் தொடங்கும். விழித்த புரதங்களைப் பிரித்துப் படமெடுத்தால் பிலிமில் கறுப்புப் பட்டைகளாக விழும். உப்புத் தண்ணீர் விட்ட தட்டின் பட்டைகள் வெளிறிக் கிடக்கும். ஆனால் இந்தக் காரணி உடம்புக்குள் போனால் சும்மா இருக்காது, வலி நரம்புகளையும் உசுப்பிவிடும். மருந்து ஏறியவர்களுக்கு முதுகு விண்விண்ணென்று தெறிக்கும். அதற்காகத்தான் காத்திருந்தேன். கூடப் பிறந்தவன் வலியில் துடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட அக்கா உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மனசு கேட்காமல் வீட்டுக்கே போனேன்.

"கூட ஊசி போட்டுக்கிட்டவரு ராத்திரி பூரா முதுகு வலின்னு கத்துனாராம். இவனுக்கு ஒண்ணுமே இல்லடி. நமக்கு நல்ல நேரம்தான்," என்றாள் அம்மா. பல நாள் கழித்துத் தலை சீவிப் பொட்டு வைத்திருந்தாள். அவளிடம் எந்த வாயால் சொல்வது? தலையாட்டிவிட்டு உள்ளே போனேன்.

தம்பி கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தான்.

"திரும்புடா."

முதுகெலும்பை ஒட்டிக் கட்டை விரலால் அழுத்தினேன்.

"வலிக்குதா?"

"ம்ஹூம்."

"இங்க?"

"இல்ல."

பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். என் நகம் வெளுத்துப்போனது. "பொய் சொல்லாதடா. கொஞ்சம்கூடவா வலிக்கல?"

அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். குழந்தை மாதிரி சிரிப்பு.

"சத்தியமா வலிக்கலங்க. நல்லா இதமா பிடிச்சு விடுறீங்க. நாளைக்கும் நீங்கதான் வருவீங்களா?"

வாசற்படியில் தண்ணீர் டம்ளரோடு நின்ற அம்மா, "அக்காடா அது," என்றாள். அவன் மரியாதையாகத் தலையை அசைத்துவிட்டு மறுபடியும் முதுகைக் காட்டினான்.

நான் விரலை இன்னும் ஓர் எலும்பு கீழே இறக்கி அழுத்தினேன்.