பிரையனிக்குக் கிடைத்த வானம்

மலைக்காட்டுத் தீ வீட்டை எரித்தபோது பிரையனிக்குப் பதினைந்து வயது. இப்போது பதினேழு. நடுவில் ஓடிய இரண்டு வருடங்களில் அவள் ஒழுங்காகச் செய்தது ஒரே வேலை, வானிலை பார்ப்பது. காலையில் பல் தேய்க்கும் முன்பே கைபேசியில் காற்றின் திசை, வெயில், புகை எல்லாம் பார்த்துவிடுவாள். நாற்பது டிகிரியைத் தாண்டும் என்று தெரிந்தால் போதும், குளியலறைக்குள் போய்க் கதவுக்கடியில் ஈரத்துண்டைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அம்மா கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோய், சாண்ட்விச்சை வெளியே வைத்துவிட்டு வேலைக்குப் போவாள்.

தீக்குப் பிறகு அவர்கள் ஊருக்குள் ஆற்றோரமாக வாடகை வீட்டில் இருந்தார்கள். கவுன்சில் மண்டபத்தின் பின்னறையில் வெள்ளிக்கிழமைதோறும் அவளைப் போன்ற பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். மார்னி என்ற மனநல ஆலோசகர் நடத்திய குழு அது. மார்னிக்கு வயது முப்பதுகூட இருக்காது. பிரையனி ஒரு வருடமாகப் போய்வந்தாள். பிஸ்கட் தின்பாள், பேசமாட்டாள். ஒரே ஒருமுறை வாய்திறந்தாள்.

"பரீட்சைக்குப் படி படின்னு உயிரை எடுக்கறாங்க. எந்த உலகத்துக்குப் படிக்கறதுன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க."

எல்லாம் சரியாகிவிடும் என்று மார்னி சொல்வாள் என எதிர்பார்த்தாள். மார்னி சொல்லவில்லை. "நியாயமான கேள்விதான். எனக்கும் பதில் தெரியல" என்றாள். அதற்காகவே பிரையனி தொடர்ந்து போனாள்.

பூமியின் தென்பாதியில் இருந்த அந்த ஊருக்கு ஜனவரிதான் கடுங்கோடை. அந்த ஜனவரியில் ஒருநாள் வெயில் நாற்பத்துமூன்றைத் தொட்டது. மதியம் இரண்டு மணிக்குக் குளியலறைக்குள் கைபேசி அடித்தது. வெள்ளிக்கிழமைக் குழுவுக்கு அவளோடு வரும் டல்லி.

"எங்கடி இருக்க?"

"பாத்ரூம்ல."

"அது தெரிஞ்ச கதைதானே. வெளிய வா. ஆத்தங்கரையில வௌவால் எல்லாம் பொத்து பொத்துன்னு விழுது."

"நான் வந்து என்ன பண்ணப்போறேன்?"

"தண்ணி தூக்கு. எனக்கு ரெண்டு கைதான்டி இருக்கு." டல்லியின் குரல் உடைந்தது. "சீக்கிரம் வா, ப்ளீஸ்."

டல்லி அழுது பிரையனி கேட்டதே இல்லை. ஈரத்துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். காற்று அடுப்பு வாயைப் போல இருந்தது. ஆற்றை நோக்கி ஓடினாள்.

ஆற்றங்கரை மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் ஆயிரக்கணக்கில் தொங்கும். இன்று அவை உச்சிக்கிளைகளை விட்டு இறங்கி, அடிமரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக்கிடந்தன. சிறகால் விசிறிக்கொண்டவை விசிறுவதை நிறுத்தின. நிறுத்தியவை விழுந்தன. நோயலீன் என்ற பெண்மணி அங்கே எல்லாரையும் ஏவிக்கொண்டிருந்தாள். முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவள், இப்போது காட்டுயிர் காப்பாளர்.

"வெறிநோய்த் தடுப்பூசி போட்டவங்க மட்டும்தான் இதுங்களைத் தொடணும். நீ கைய வெச்ச, உன்னையும் தூக்கி ஆத்துல போட்ருவேன்" என்று பிரையனியிடம் தெளிப்பானை நீட்டினாள். "மெதுவா, பனி மாதிரி தெளி. மிரட்டாத."

பிரையனி தெளித்தாள். தண்ணீர் சுமந்தாள். மறுபடி தெளித்தாள். ஒரு தாய் வௌவால் புல்லில் செத்துக் கிடந்தது. அதன் மார்பில் குட்டி ஒன்று இன்னும் வாய் வைத்திருந்தது. நோயலீன் கையுறைக் கையால் குட்டியைப் பிரித்தெடுத்துத் துணியில் சுற்றியபோது, அது கட்டைவிரல் நகத்தால் துணியைப் பற்றிக்கொண்டு நேராகப் பிரையனியைப் பார்த்தது. பளபளக்கும் பழுப்புக் கண்கள். பிரையனி மரத்துக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தாள். வாயைக் கழுவிக்கொண்டு திரும்பிவந்து அடுத்த வாளியைத் தூக்கினாள்.

செத்தவை மூவாயிரத்துக்கு மேல் என்று மறுநாள் சொன்னார்கள். பிரையனி நான்கு நாள் படுக்கையைவிட்டு எழவில்லை. ஐந்தாம் நாள் மார்னி வீட்டுக்கே வந்து, படுக்கையறை வாசலில் தரையில் உட்கார்ந்தாள்.

"போயிருக்கவே கூடாது" என்றாள் பிரையனி, சுவரைப் பார்த்தபடி. "அவ்வளவு தண்ணி சுமந்தும் செத்துடுச்சே எல்லாம்."

"ஆமா, நிறைய செத்துடுச்சு."

"அப்ப எதுக்கு?"

மார்னி கட்டில் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். "பிரையனி, நீ அழறது நோய் இல்ல. அத்தனை சாவைப் பார்த்தா யாருக்கும் வரும். தனியா அழாம இருந்தா நல்லது, அவ்வளவுதான். அடுத்த வாரம் மிச்சம் எத்தனைன்னு எண்ணப்போறாங்க. கண்ணு பத்தலையாம். டல்லி வர்றா. நானும் வர்றேன். நீ வரலைன்னாலும் பரவால்ல."

போக வேண்டாம் என்றுதான் பிரையனி முடிவு செய்திருந்தாள். ஆனால் எண்ணும் நாளன்று வீட்டில் இருப்பது இன்னும் கஷ்டமாக இருந்தது. போனாள்.

சூரியன் சாயும் நேரம். பத்துப்பேர் கரையோரம் வரிசையாக நின்றார்கள். நோயலீன் வானத்தைக் கேக் வெட்டுவதுபோலப் பிரித்துக் கொடுத்தாள். தண்ணீர்த் தொட்டியிலிருந்து பட்ட மரம்வரை பிரையனியின் பங்கு. கையில் எண்ணும் கருவி. பத்துக்கு ஒரு அழுத்து.

"என் பங்கு காலியாத்தான் இருக்கும், பாரு" என்றாள் டல்லியிடம்.

"கம்முனு மேல பாருடி."

முதலில் ஒன்று கிளம்பியது. பிறகு நான்கு. பிறகு மரங்கள் மொத்தமும் மூச்சை வெளியே விட்டதுபோல அவை எழுந்தன. பிரையனி அழுத்தினாள், அழுத்தினாள். ஆயிரம். இரண்டாயிரம். தலைக்குமேல் தாழ்ந்து வந்தவற்றின் சிறகுத் தோலுக்குள் மாலை வெளிச்சம் ஊடுருவி, விரல் எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஆயிரம் துணிகளை ஒன்றாக உதறும் சத்தம். சில ஆற்றை நோக்கிச் சரிந்து, வயிறு தண்ணீரில் உரச, வெள்ளிக்கோடு கிழித்துவிட்டு மேலேறின. நனைந்த ரோமத்தை நக்கிக் குடித்தபடியே பறந்தன. பெரியவற்றின் நடுவே சின்னச் சிறகுகள் தடுமாறித் தடுமாறி அடித்துக்கொண்டன. வெயிலில் பிழைத்த குட்டிகள்.

முடிந்துவிட்டது என்று நினைத்தபோது அடுத்த அலை எழுந்தது. அதற்குப் பிறகும் ஒன்று. எல்லாம் வடக்கே, பிரையனியின் வீடு இருந்த கருகிய மலையை நோக்கிப் போயின.

"அங்க என்ன இருக்கு இதுங்களுக்கு?" பிரையனி கேட்டாள்.

"யூகலிப்டஸ் மரம் துளிர்த்துப் பூத்திருக்கு" என்றாள் நோயலீன், கண்ணை இறக்காமல். "தேன் குடிச்சிட்டு மகரந்தத்தைச் சுமந்துக்கிட்டுத் திரியும். காடு தானா வளருதுன்னா நினைச்ச?"

பிரையனியின் கட்டைவிரல் எப்போது நின்றதென்று அவளுக்குத் தெரியாது. வாய் திறந்தபடி, கழுத்து வலிக்க நின்றாள். பயப்பட மறந்து நின்றாள். தன்னைவிட எவ்வளவோ பழமையான ஒன்று, தன்னைக் கேட்காமல், தனக்காகவும் அல்லாமல், தன் தலைக்குமேல் போய்க்கொண்டிருந்தது. மயிர்க்கூச்செறிந்தது.

"எவ்வளவுடி?" டல்லி கேட்டாள்.

"விட்டுட்டேன்."

"அடிப்பாவி! உன்னை நம்பி ஒரு துண்டு வானத்தைக் குடுத்தா!"

"நீ?"

டல்லி தன் கருவியைப் பார்த்தாள். "முன்னூத்தி பத்துல நிக்குது. அதுக்கப்புறம் நானும் அழுத்தல." இரண்டு பேரும் புல்லில் விழுந்து சிரித்தார்கள். மார்னியின் முகத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது; அவள் துடைக்கவுமில்லை. "சரி, நாளைக்கும் எண்ணணும் போல" என்று நோயலீன் தலையில் அடித்துக்கொண்டாள்.

பிப்ரவரியில் மறுபடி நாற்பதைத் தாண்டியது. அன்று காலை பிரையனி ஈரத்துண்டோடு குளியலறை வாசல்வரை போனாள். ஆனாலும் தெளிப்பானை எடுத்துக்கொண்டு போனாள். அன்று செத்தவை நாற்பது. அந்த வெள்ளிக்கிழமை குழுவில் அவள் விடாமல் ஒரு மணிநேரம் பேசினாள். தீயைப் பற்றித்தான் பேசினாள், முதல்முறையாக.

மறுநாள் மாலை அம்மாவின் கையைப் பிடித்து ஆற்றங்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். வீடு போனதிலிருந்து அம்மா அந்த மலைப்பக்கம் முகத்தைத் திருப்பியதில்லை.

"என்னடி இது, எனக்குச் சமையல் கிடக்கு" என்றாள் அம்மா.

"ரெண்டு நிமிஷம்மா." பிரையனி அம்மாவின் தோள்களைப் பிடித்து வடக்கே திருப்பினாள். "பேசாம பாரேன்."

மரங்கள் அசைந்தன. அம்மா கையை வாயில் வைத்துக்கொண்டாள்.