வஸ்னாடி விடாத கொக்கி

2019 பிப்ரவரி 11 அன்று, பெக்காசி நகருக்கு அப்பாலுள்ள எங்கள் குப்பை மலையில், வஸ்னாடி என்பவன் இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்கச் செத்தான். காப்பாற்றியிருக்கலாம், காப்பாற்றவில்லை. இதுவே என் புகார்.

மலையில் பொறுக்குபவர்களுக்கு ஒரே சட்டம்: எவன் கொக்கி முதலில் குத்துகிறதோ, பொருள் அவனுடையது. கொக்கியை எடுத்துவிட்டால் உரிமை போயிற்று. தரையில் இறக்கிவைத்த கூடைக்கும் அதே கதிதான்.

அன்று மழை விட்டதும், மண்வாரி இயந்திரம் புதுக் குப்பையைப் புரட்டியது. குளிர்சாதனப் பெட்டியொன்றின் மோட்டார் உருண்டு வந்தது. அதனுள்ளிருக்கும் செம்பு ஒரு குடும்பத்தின் இரண்டு மாத அரிசி. வஸ்னாடி அதன் துளையொன்றில் கொக்கியைச் செருகினான். அக்கணமே சரிவு இறங்கி அவனை மார்பளவு விழுங்கியது. இடக்கை குப்பைக்குள், வலக்கை கொக்கியில்.

மலையடியில் பொறுக்குபவர்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நான் ஏறிச் சென்றபோது, இன்னொரு பொறுக்குபவனான ரஸ்மான் அவனெதிரே கை நீட்டியபடி குந்தியிருந்தான்.

“கொக்கிய விட்டுட்டு கையக் குடு மச்சான், தூக்கிவிடறேன்.”

“நீ என்னத் தூக்குவியா, மோட்டாரத் தூக்குவியான்னு எனக்குத் தெரியாதா? மணிக்கட்டப் புடிச்சு இழுடா!”

“கொக்கிக் கையத் தொட்டா திருட்டுன்னு போன வாரம் எம் பல்ல ஒடச்சது யாரு? நீதான!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

“சிரிக்காதீங்கடா, தோண்டுங்க!” என்று கத்தினேன்.

“கூடைய எங்க வைக்கிறது வாத்தியாரே? நீங்க சுமக்கிறீங்களா?” என்றாள் ஒருத்தி.

“குடும்மா” என்றேன். அவள் கொடுக்கவில்லை.

மேலே இயந்திரம் அடுத்த குவியலைத் தள்ளியது. அங்கிருந்து கீழே நிற்பவர்கள் தெரியமாட்டார்கள். எல்லாரும் ஓடினோம், நானும்தான்.

மலை அடங்கியபின் தோண்டினார்கள், மோட்டாருக்காக. கொக்கி குத்தியபடியே இருந்தது. அதைப் பற்றியிருந்த விரல்களை ரஸ்மான் ஒவ்வொன்றாகப் பிரித்தான். அதற்குள் வஸ்னாடியின் மனைவி கர்சினா ஓடிவந்துவிட்டாள்.

“அவரு கொக்கி இன்னும் அதுலதான் இருக்கு. மோட்டார் எங்களுது!”

“செத்தவன் கொக்கி கணக்குல வராது அண்ணி.” கொக்கியைக் கழற்றி மரியாதையாக அவளிடம் நீட்டினான். பிறகு தன் கொக்கியை அதே துளையில் செருகினான். எவரும் மறுக்கவில்லை. கணவனின் உடலை அவள் தனியாகத்தான் தோண்டியெடுத்தாள்.

எனக்குக் கொக்கியும் இல்லை, கூடையும் இல்லை. அவன் மணிக்கட்டைப் பற்ற எந்தச் சட்டமும் என்னைத் தடுக்கவில்லை. நான் பற்றவில்லை.

இதைப் படிக்கும் நீங்கள் பதில் சொல்லுங்கள்: நீங்கள் பற்றியிருப்பீர்களா? விளக்கம் வேண்டாம். ஆம் அல்லது இல்லை என்று மட்டும் எழுதி, கீழே உங்கள் பெயரைப் போடுங்கள்.